கடைசிக் குகையில் அதிர்வு இல்லை

ஜூன் 3, திங்கள்

தன்வி தூங்கிவிட்டாள். இரண்டு முறை எழுந்து போய் அவள் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு வருகிறது. இனிமேல் எழுந்து போகாமல் எழுதவேண்டும்.

இன்று புது ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பழைய வீடியோ கேம்களை எடுத்துப் புதிதாகச் செய்து விற்கும் கம்பெனியில் நான் டெஸ்டர், விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பவள். ஆபீஸ் சென்னையில், நான் கோயம்புத்தூரில், சரவணம்பட்டி மாடி வீட்டில். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தது டிவியில் பொம்மை ஆட்டவா என்று சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த முறை வந்திருப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லாந்தர் கேம் என்று சொல்லும் அதேதான். கையில் லாந்தரோடு ஒரு பையன் குகைக்குள் இறங்குவான். இருட்டில் ஒரு பூதம் பின்னாலேயே வரும். கண்ணுக்குத் தெரியாது. டுக், டுக் என்று காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டதும் லாந்தரை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தின்றுவிடும். புதியதில் பாறையில் ஈரம் மினுங்குகிறது, பையனுக்கு முகம் வந்திருக்கிறது, பூதம் நெருங்கும்போது கையில் இருக்கும் கன்ட்ரோலரும் புர்ரென்று அதிர்கிறது. சின்ன வயதில் இதிலேயே கிடந்த சுரேந்தருக்குத் தலைகால் புரியவில்லை. "என்ற பொண்டாட்டிக்கு லாந்தர் வெளையாடச் சம்பளம்!" என்று பம்புசெட் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். ரகசியமாக வைத்திருக்கவேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மதியம் தன்விக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டதும் வரிசையில் இருந்த எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அழுதன. இவள் மட்டும் என் தாலிச் செயினைக் கடித்துக்கொண்டிருந்தாள். தைரியசாலி.

டாக்டர் அவள் பின்னால் நின்று ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார்.

"பேர் சொன்னா திரும்பறாளாம்மா?"

"திரும்புவா டாக்டர். மூட் இருந்தா."

"காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க. எதுவா இருந்தாலும் சீக்கிரம் தெரிஞ்சா நல்லது."

தூக்கக் கலக்கம் அவளுக்கு. வெயிலில் வந்திருக்கிறாள். யாரோ தலைக்குப் பின்னால் எதையோ ஆட்டினால் திரும்பியே ஆகவேண்டுமா?

தயிருக்கு உறை ஊற்ற மறந்துவிட்டேன்.

ஜூன் 5, புதன்

காலை மீட்டிங்கில் எங்கள் லீட் இம்ரான் எல்லோரையும், பிடித்த ரீமேக் எது, ஏன் பிடித்தது என்று சொல்லச் சொன்னார். ஒருவன் ஒரு கார் ரேஸைச் சொன்னான். பழையதில் ஒரு வளைவில் கார் சுவருக்குள் புகுந்து வெளியே வந்துவிடுமாம், ரீமேக்கில் அந்தத் தப்பை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்களாம். அதற்காகவே பிடிக்குமாம். ஒரு பெண் சமையல் கேம் ஒன்றைச் சொன்னாள். நான் அம்மாவின் பட்டன் போனில் விளையாடிய பாம்பு விளையாட்டைச் சொன்னேன். புதியதில் பாம்புக்கு நாக்கு வைத்திருக்கிறார்கள், அது தேவையே இல்லை என்றேன். சிரித்தார்கள்.

இம்ரான் சொன்னது: "இன்னா ஒரு விஷயம் தெரியுமா, பழைய கேம அப்டியே தந்தா ஜனங்க ஏத்துக்கமாட்டாங்க. இப்டியா கேவலமா இருந்துச்சும்பாங்க. அவங்க பாத்தத தரக்கூடாது. பாத்ததா நெனச்சுக்கினு இருக்காங்களே, அதத் தரணும்."

மீட்டிங் நடக்கும்போது குக்கர் விசில் மூன்று முறை அடித்தது. மைக்கை மூடிக்கொண்டு ஓடினேன். தன்வி அடுப்படி வாசலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், அசையவில்லை. கீழ் வீட்டு ருக்குமணி அக்கா, எங்கள் ஹவுஸ் ஓனர், எப்போதும் சொல்வார்: "மிக்ஸி போட்டாலும் எந்திரிக்கமாட்டீங்கறா. இப்படி ஒரு புள்ள கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கோணும் அம்மிணி."

உண்மைதான்.

ஜூன் 8, சனி

சண்டை.

"ஒருக்கா பாத்துட்டு வந்துரலாம் புள்ள. என்ன ஆயிரும்?" என்றார் சுரேந்தர். அவர் அப்படிக் கேட்டது இது முதல் தடவையல்ல.

"ஒண்ணும் ஆகாது. அதனாலதான் போகவேண்டாங்கறேன்."

"நேத்து நான் பைக்க நிறுத்திட்டு ஹாரன் அடிச்சேன். நீ எட்டிப் பாத்தே. இவ உன்ற இடுப்புலதான் இருந்தா."

"அதுக்கு? எல்லாத்துக்கும் தலையத் திருப்பறதுக்கு அவ என்ன ஃபேனா? உங்க புள்ளைக்குக் குறை சொன்னாத்தான் உங்களுக்குச் சோறு எறங்குமா மாமா?"

அவர் எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தார். அவர் தட்டைக் கழுவினால் கோபம் என்று அர்த்தம்.

காது டெஸ்டுக்குப் பத்தொன்பதாம் தேதி நேரம் வாங்கிவிட்டேன். அவருக்காக. ஆனால் தன்வி "ம்மா" என்று சொல்வதே இல்லை என்று அவர் சொன்னது சரியில்லை. போன மாதம் ஒருமுறை சொன்னாள். பசியில் உதடு ஒட்டிப் பிரிந்தபோது வந்தது. அதுவும் "ம்மா"தானே.

ஜூன் 12, புதன்

எழுதாமல் தூக்கம் வராது!

மதியம் தன்வி தூங்காமல் அடம். வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அவளைச் சுற்றிக் கொண்டுவந்து, கன்ட்ரோலரை அவள் முழங்கால் மேல் வைத்தபடியே விளையாடினேன். இரண்டாவது குகை. திரையில் வெறும் இருட்டு. டுக், டுக் என்று பூதம் வந்தது. தன்வி சட்டென்று தலையைத் தூக்கித் திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பையனைப் பூதம் தின்றுவிட்டது, தின்னட்டும்.

டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? ஒருமுறை நடந்தால் அது தற்செயல், திரும்பத் திரும்ப நடந்தால்தான் உண்மை. மறுபடி அதே குகை, அதே இடம். திரும்பினாள். டிவி சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். திரும்பினாள். இன்னும் குறைத்தேன், எனக்கே லேசாகத்தான் கேட்டது. திரும்பிச் சிரித்தாள்! என்ன கூர்மையான காது! கூப்பிட்டால் திரும்பாததெல்லாம் வேண்டுமென்றே செய்வதுதான். அப்பனைப் போல அழுத்தம்.

பத்தொன்பதாம் தேதி நேரத்தை ரத்து செய்துவிட்டேன். போனை எடுத்த பெண், "வேற நாள் வேணுங்களா?" என்று கேட்டாள். "வேணாங்க, சரியாயிருச்சு," என்றேன்.

ஜூன் 13, வியாழன்

இன்றும் திரும்பினாள்.

ஜூன் 16, ஞாயிறு

சுரேந்தருக்குக் காட்டினேன். எதிரே மண்டி போட்டு, போனில் வீடியோ எடுத்தார். பூதம் வந்தது, தன்வி திரும்பிச் சிரித்தாள். வீடியோ முடிவில் அவர் கத்துவதுதான் பெரிதாகக் கேட்கிறது. "அடி என்ற சாமி! பாத்தியா புள்ள, பாத்தியா!"

சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே எழுதியது: 'எங்க அம்மிணி பூதத்தையே கண்டுபுடிச்சிருச்சு.' திருப்பூரிலிருந்து நாத்தனார் போன் செய்து, "நான் அப்பவே சொன்னேன்ல, டாக்டருங்களுக்கு வேற வேலை இல்லைனு," என்றாள். அப்போது எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பரவாயில்லை. சுரேந்தர் மட்டன் வாங்கி வந்தார். சாப்பிடும்போது, "பதினஞ்சு நாளாச்சு, எனக்குச் சோறு எறங்கி," என்றார்.

அது எனக்குத் தெரியாது. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 19, புதன்

இம்ரான் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு: அதிர்வு ஆப்ஷனை அணைத்துவிட்டு எல்லாக் குகைகளையும் விளையாடிப் பார்க்கவேண்டும்.

தன்வியை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டாவது குகை. பூதம் வந்தது.

மறுபடி ஆரம்பித்தேன்.

சத்தத்தைக் கூட்டினேன். தன்வி கவுனின் ரிப்பனைச் சுண்டிச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கூட்டினேன். இன்னும். டிவி எவ்வளவு போகுமோ அவ்வளவும் வைத்தேன். ரிப்பன் அவிழ்ந்ததும் அதை வாயில் வைத்துக்கொண்டாள்.

யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். ருக்குமணி அக்கா.

"ஏனம்மிணி, ஊடு இடிஞ்சு உளுகுதா? கீழ போனே பேச முடியமாட்டீங்குது!"

"வேலைக்கா. டெஸ்ட்டிங்."

"நல்ல டெஸ்ட்டிங்!" என்றவர் தன்வியைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "பாரு, இத்தன சத்தத்துலயும் எப்படி அழுகாம பொட்டாட்ட உக்காந்திருக்கறா. தங்கம், தங்கம்."

அவர் போனபிறகு ஆப்ஷனை மறுபடி போட்டு, டிவி சத்தத்தை முழுவதும் அடக்கிவிட்டு விளையாடினேன். பூதம் வந்தது. தன்வி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ரிப்போர்ட்: அதிர்வை அணைத்தாலும் கேம் சரியாக ஓடுகிறது. குறை எதுவும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

தலைவலி. லீவ். கேஸ் புக் செய்தேன்.

ஜூன் 22, சனி

சுரேந்தர் கம்பெனியில் இருந்து வந்ததும் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்துச் சிரித்தார். வாசலில் துணி உலர்த்தப் போய்விட்டேன். ஈரமே இல்லாத துணியை.

ஜூன் 23, ஞாயிறு

சொல்லத் தெரியவில்லை. அதனால் காலையில் தோசை முடிந்ததும் தன்வியை அவர் மடியில் வைத்தேன், கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். ஆப்ஷனை முன்பே மாற்றி வைத்திருந்தேன்.

குஷியாக விளையாடினார். "வரும் பாரு, இப்ப வரும் பாரு, அம்மிணி ரெடியா?" டுக், டுக். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சட்னி ஒட்டியிருந்த விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா," என்றார்.

இன்னொரு முறை.

"இன்னொருக்கா புள்ள. கவனிக்கல அவ."

அதற்கப்புறம் கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தார். பம்புசெட் மோட்டார்களைத் தொட்டே பழுது கண்டுபிடிக்கிறவர். "இது ஏன் செத்துக் கெடக்குது?"

"ஆடறத நிறுத்தியிருக்கேன் மாமா."

பூதம் தின்ற பையன் திரையில் எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். பிறகு தன்வியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அங்கிருந்து அவள் பெயரைச் சொல்லும் குரல் கேட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் தெருவே கேட்கும்படி. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே வந்ததும் போனை எடுத்து அந்த வீடியோவைக் குரூப்பிலிருந்து நீக்கப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது, இனி எல்லோருக்கும் அழிக்க முடியாது என்று வந்தது.

"உங்கக்காகிட்டச் சொல்லட்டுமா?" என்றேன்.

"விடு, கெடக்கட்டும்," என்றார். "அவ சிரிச்சது நெசந்தான."

நாளைக்குப் போன் செய்து மறுபடி நேரம் வாங்கவேண்டும். நான் யாரிடம் 'சரியாயிருச்சு' என்றேனோ அதே பெண் எடுக்கக்கூடாது.

ஜூன் 28, வெள்ளி

திங்கட்கிழமை போன் செய்தபோது அதே பெண்தான் எடுத்தாள். ஒன்றும் கேட்காமல் இந்த வெள்ளிக்கே நேரம் கொடுத்துவிட்டாள்.

அந்த டெஸ்டுக்குக் குழந்தை அங்கே போய்த் தூங்கவேண்டுமாம். அதனால் விடியற்காலையிலேயே எழுப்பி, தூங்கவிடாமல் கூட்டிவரச் சொன்னார்கள். ஆட்டோவில் அவள் கண் சொருகும்போதெல்லாம் ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தேன். இவளைத் தூங்கவைக்கத்தான் இத்தனை நாள் போராடியிருக்கிறேன். டவுன்ஹால் சிக்னலில் அழுதாள். நானும்.

அங்கே போனதும் தூங்கமாட்டேன் என்று அடம். சுரேந்தர் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு எதையோ முனகினார். அவருக்குப் பாட்டு வராது, மோட்டார் ஓடுவது மாதிரி ம்ம்ம் என்றுதான் வரும். உடனே தூங்கிவிட்டாள். எப்போதும் அவர் நெஞ்சில்தான் சீக்கிரம் தூங்குவாள். என் தாலாட்டுக்குத் தூங்கியதே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. இன்று இல்லை.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். கம்ப்யூட்டரில் கோடுகள் ஓடின. டெஸ்ட் எடுத்த பெண் என்னைவிடச் சின்னவள். சுரேந்தர் கேட்டார்: "கோடெல்லாம் நேராத்தான் போகுதுங்க. நல்லதுதானுங்களே?"

அந்தப் பெண் பதில் சொல்லும் முன்பு என்னைப் பார்த்தாள்.

அப்புறம் காதுக்குள் பசை மாதிரி ஒன்றைப் போட்டு அச்சு எடுத்தார்கள். அதை வைத்துத்தான் காது மிஷின் செய்வார்களாம். சில மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாமாம். சின்ன வயதிலேயே கூட்டி வந்துவிட்டீர்கள், நல்லது என்றார்கள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். நான் தோல் நிறம், வெளியே தெரியாத மாதிரி என்றேன்.

"ரோஸ்," என்றார் சுரேந்தர். "நல்லாத் தெரியற ரோஸ்."

வரும் வழியில் தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டோம். காரம் அதிகம்.

ஜூலை 2, செவ்வாய்

கடைசிக் குகைக்கு வந்துவிட்டேன். தன்வி மடியில். இப்போதெல்லாம் டிவி சத்தத்தை அடக்கிவிட்டுத்தான் விளையாடுகிறேன், கன்ட்ரோலரை அவள் உள்ளங்கையில் படும்படி பிடித்துக்கொண்டு. இருட்டில் போய்க்கொண்டே இருந்தோம். அவள் காத்துக்கொண்டிருந்தாள், கையை எடுக்கவே இல்லை. எந்த அறிவிப்பும் இல்லாமல் பூதம் தின்றுவிட்டது.

ஆப்ஷன் போட்டுத்தான் இருந்தது. மறுபடி, மறுபடி. கடைசிக் குகையில் மட்டும் அதிர்வே இல்லை.

இம்ரானுக்குப் போன் செய்தேன்.

"அது பக் இல்லம்மா தாரணி, வேணும்னே வுட்டது. கடைசிக் குகைல சவுண்ட் மட்டும்தான். ஒரிஜினலுக்கு ஒரு மரியாதை. பழைய ஃபேன்ஸுக்கு அதான் ஃபேவரிட்டு. கை வெச்சா கொன்னுடுவாங்க."

"சத்தம் கேக்காதவங்க எப்படி முடிப்பாங்க?"

"ஹெட்போன் போட்டுக்கட்டும்."

தன்வியின் கை இன்னும் கன்ட்ரோலரின் மேலேயே இருந்தது.

"சரி, இன்னா இப்போ? ரிப்போர்ட்டு போடு. ஆனா பொதுவா எழுதாத. 'சிலருக்குக் கஷ்டம்'னு எழுதுனா மேல க்ளோஸ் பண்ணிடுவாங்க. யாரு அந்த ப்ளேயரு, அவங்களுக்கு இன்னா ஆவுது, அத எழுது. நான் எடுத்துட்டுப் போறேன்."

சுரேந்தரிடம் கேட்டேன். இந்த கேமை உயிராக நினைக்கிறவர், கோபப்படுவார் என்று பயம். "கடைசிக் குகையில கன்ட்ரோலர் ஆடுனா, பழசக் கெடுத்த மாதிரி ஆயிருமா மாமா?"

யோசித்தார். தன்வியின் காலைத் தன் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே யோசித்தார்.

"நாங்க எங்க பெரியப்பா ஊட்டுலதான் வெளையாடுவோம். அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்குவாரு. சவுண்டு வெச்சா முதுகு பிஞ்சுரும். அவரு பையன் ரமேசு டிவி ஸ்பீக்கர்ல காத ஒட்ட வெச்சுக்குவான். பூதம் வந்தா என்ற முதுகுல தட்டுவான், டுக், டுக்குனு." சட்டென்று நிறுத்தினார். "அட. நான் அந்தச் சத்தத்தக் கேட்டதே இல்ல புள்ள. இத்தன வருசமா கேட்டதா நெனச்சுட்டு இருக்கேன். நான் அந்தக் குகைய முதுகுலதான் வெளையாண்டேன்."

ஜூலை 3, புதன்

ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து எழுதி அழித்து, எழுதி அழித்து, மதியம் அவளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிவிட்டு வந்து ஒரே மூச்சில் எழுதினேன்.

தலைப்பு: கடைசிக் குகையில் அதிர்வு இல்லை.

என்ன நடக்கவேண்டும்: பூதம் வருவது கையில் தெரியவேண்டும். எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கையில்.

என்ன நடக்கிறது: ஒன்றும் தெரிவதில்லை. நம்பிக் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போதே தின்றுவிடுகிறது.

யாரைப் பாதிக்கிறது: என் மகள் தன்விகாவை. அவளுக்குக் காது கேட்காது.

அனுப்பிய பிறகுதான் இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். காளான் காரம் இருக்கிறது, கேஸ் புக் செய்தது இருக்கிறது. அந்த வாக்கியம் எங்கேயும் இல்லை. ஆபீஸுக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

அவளுக்குக் காது கேட்காது. இங்கேயும் இருக்கட்டும்.

ஜூலை 4, வியாழன்

இம்ரானிடமிருந்து மெசேஜ்: 'படிச்சேன். ஹெட்போன்னு சொன்னதுக்கு என்னிய செருப்பால அடி. நாளைக்கு மேல பேசறேன்.'

ஜூலை 12, வெள்ளி

காலையில் நாத்தனாருக்கு நானே போன் செய்து சொன்னேன். அவள் அழுதாள். எனக்குத்தான் அவளைச் சமாதானம் செய்யவேண்டியிருந்தது. ருக்குமணி அக்காவிடம் படியில் வைத்துச் சொன்னேன். "அப்ப அன்னைக்கு நீ அத்தன சத்தம் வெச்சது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரோஸ் மிஷின் திங்கட்கிழமை வருகிறது. போட்டவுடன் என்ன ஆகும், அழுவாளா, பிடுங்கி எறிவாளா, அது போதுமா, போதாதா, ஆபரேஷன் என்றால் இத்தனை சின்னத் தலையில் எங்கே, இதையெல்லாம் நினைத்தால் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது. நடந்தேன். தயிருக்கு உறை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மதியம் கேமின் புது பில்ட் வந்தது. கூடவே இம்ரான் குறிப்பு: 'கடைசிக் குகை. பாப்பாவ வெச்சு செக் பண்ணு.'

டிவி சத்தத்தை அடக்கினேன். தன்வி மடியில், இரண்டு உள்ளங்கையும் கன்ட்ரோலர் மேல். இருட்டு. பையன் நடந்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம் மட்டும் லேசாக, யாரோ முதுகில் தட்டுகிற மாதிரி, டுக்.

தன்வி இடது கையைப் பார்த்தாள். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து என்னைப் பார்த்தாள். நான் லாந்தரை அணைக்கவேண்டும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பூதம் என்னைத் தின்றுவிட்டது.

மறுபடி ஆரம்பித்தோம்.